அடுப்பும் கரியும்

வத்திராயிருப்பு வட்டாரத்துக் கான்சாபுரம், 1764ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபு யூசுப் கானின் பெயரைச் சுமக்கும் ஊர் என்பார்கள். வளைகுடாவில் பத்தாண்டுகள் உழைத்துத் திரும்பிய நண்பர் ஒருவர் அங்கே பார்பிக்யூ உணவகம் தொடங்க விரும்புகிறார். சேமிப்பில் பெரும்பகுதி அடுப்புக்கே போய்விடும் போலிருக்கிறது. எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். எனக்கு வணிகம் தெரியாது. ஆகவே அடுப்புகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன்.

சுட்ட இறைச்சி நமக்குப் புதிதன்று. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், காழ் எனும் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன் துண்டுகளை, சூடு தாங்காமல் வாயின் இரு புறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்ணும் காட்சி வருகிறது. கம்பியும் தணலும் மட்டுமே அங்கே கருவி. எளிமையானது, ஆனால் அருகிலிருந்து திருப்பும் கையை முற்றிலும் நம்பியிருப்பது. பத்துப் பேருக்குச் சரி, நூறு பேருக்குக் கை ஓயும்.

அந்தக் கையின் வேலையைச் சுவரிடம் ஒப்படைத்தது தந்தூர். மண்சுவர் வெப்பத்தை உள்வாங்கி 400 பாகை செல்சியசுக்கு மேலும் தக்கவைக்கும். நாற்புறமிருந்தும் வெப்பம் வருவதால் இறைச்சியைத் திருப்ப வேண்டியதில்லை. ஒரே தீயில் ரொட்டியும் வேகும். 1947 பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய மோத்தி மகல், இந்த மண்ணடுப்பை நகர உணவகத்தின் அடையாளமாக்கிற்று.

பார்பிக்யூ என்ற சொல்லோ கரீபியத் தீவுகளுக்குரியது. தீயின் மேல் உயர்த்திக் கட்டிய மரச்சட்டத்தைக் குறித்த தாயினோ மக்களின் சொல்லை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் எழுதிவைத்தனர். பிற்காலத்தில், 1952ல், சிகாகோப் பகுதியில் கடல் மிதவைகள் செய்த பட்டறை ஒன்றில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீவன், மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடியுள்ள அடுப்பாக்கினார். மூடியிலும் அடியிலும் உள்ள துளைகளால் காற்றைக் குறைத்தும் கூட்டியும் தீயை ஆளலாம் என்பதே அதன் நுட்பம்.

இவற்றை அடுக்கிப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. எந்த ஊரும் முதலில் அடுப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. கையருகே இருந்த எரிபொருளையும் உணவையும் ஒட்டியே அடுப்பு உருவாயிற்று. அப்படியானால் கான்சாபுரத்தின் எரிபொருள் எது?

விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் மூட்டம் போட்டுச் சுடப்படும் சீமைக் கருவேலங்கரிதான். நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக நாம் வைகிற இம்மரத்தின் நெருங்கிய உறவுதான் டெக்சாஸ்காரர்கள் மாட்டிறைச்சி வாட்டப் போற்றும் மெஸ்கீட். இரண்டும் ஒரே பேரினம். அங்கே பெருமிதம், இங்கே பகை! கடுந்தணல் தரும் அவ்விறகு விரைந்து வாட்டுவதற்கு ஏற்றது. பல மணிநேரம் புகையூட்ட அங்கேயும் பெரும்பாலோர் ஓக் மரத்தையே நாடுகிறார்கள்.

எனவே நண்பரிடம் சொன்னேன்: வெளிநாட்டு எரிவாயு அடுப்பைத் தள்ளிவையுங்கள். தீச்செங்கல் பதித்த நீளமான கரியடுப்பைக் கட்டுங்கள். கம்பித்தட்டை ஏற்றி இறக்கும் வசதியை ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் வேண்டாம். சூட்டில் நச்சுப்புகை எழும். புகைபோக்கியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. முதலில் பாதிக்கப்படுபவர் அடுப்படியில் நிற்கும் கூலிக்காரர். கோழியின் உட்பகுதி 74 பாகையை எட்டியதா என்று குத்திப் பார்க்க வெப்பமானி ஒன்றும் வாங்குங்கள். எல்லாக் கருவிகளிலும் மலிவானது அதுதான்; பிறர் உயிரைக் காப்பதும் அதுதான்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பளபளக்கும் எஃகு அடுப்பைப் பார்த்துத்தானே ஆட்கள் வருவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் மறுவாரம் தொலைபேசியில் அழைத்து, மூட்டம் போடும் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். கரி ஈரமில்லாமல் இருக்கிறதா என்று எப்படி அறிவது என்று கேட்டார். தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்க வேண்டும் என்றேன்.