பணியமர்த்தலில் பின்னணிச் சரிபார்ப்பு: கும்பினி முதல் ஆவடி வரை

பின்னணிச் சரிபார்ப்பு என்பது ஒருவரை வேலையில் சேர்க்கும் முன் அவருடைய அடையாளம், கல்வி, முன் அனுபவம், குற்றப் பின்னணி ஆகியவற்றை விசாரித்து அறியும் நடைமுறையாகும். உள்ளே வந்தபின் நிறுவனத்தின் பணத்தையோ தகவலையோ களவாடக்கூடியவரை வாசலிலேயே தடுப்பது இதன் நோக்கம். பெயர்தான் புதிது. கி.பி. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கியது.

சென்னையில் இதை முயன்ற பழைய வணிக நிறுவனம் கிழக்கிந்தியக் கும்பினி. இயக்குநர் ஒருவரின் பரிந்துரை இருந்தால்தான் 'ரைட்டர்' எனப்படும் எழுத்தர் வேலை கிடைக்கும். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நாணயமாக நடப்பார் என்பதற்குப் பிணையும் தர வேண்டும். இத்தனைக்கும் பலன் குறைவே. 1672இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுத்தராக வந்த எலிஹு யேலின் சம்பளம் ஆண்டுக்கு 10 பவுன். 1687இல் ஆளுநரான அவர், பதவியைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் நீக்கப்பட்டார். 1699இல் இங்கிலாந்து திரும்பியபோது அவர் பெருஞ்செல்வர். (1718இல் அவர் அளித்த நன்கொடையால்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது.) பிணைப் பத்திரம் இருந்தது லண்டனில், வியாபாரம் நடந்தது சென்னையில். ஒரு கடிதம் போய்ச் சேரவே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். சொற்பச் சம்பளம் கொடுத்து, சொந்த வியாபாரத்துக்கும் ஓரளவு இடம் கொடுத்துவிட்டு, நாணயத்தை மட்டும் பத்திரத்தில் எழுதி வாங்கியது கும்பினி.

1853ஆம் ஆண்டுச் சட்டம் இயக்குநர்களின் நியமன உரிமையை நீக்கியது. 1855இல் போட்டித் தேர்வு வந்தது. தேர்வு அறிவை அளந்தது, நாணயத்தை அளக்கவில்லை.

விடுதலைக்குப் பின், வெள்ளானூரை அடுத்த ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. விஜயந்தா டாங்கிகள் உருவான இத்தகைய இடத்தில் உள்ளிருந்து ஒரு வரைபடம் வெளியே போனாலும் ஆபத்து. மத்திய அரசுப் பணிக்குத் தேர்வாகிறவர் நிரப்பும் சான்றுறுதிப் படிவம், கடந்த 5 ஆண்டுகளில் எங்கெங்கே வசித்தார், எப்போதாவது கைதானாரா, வழக்கு உண்டா என்றெல்லாம் கேட்கிறது. காவல்துறை அதைச் சரிபார்க்கிறது.

தனியார் துறையை உலுக்கியது 2005இல் வெளிவந்த புனே மோசடி. அழைப்பு மைய ஊழியர்கள் சிலர், அமெரிக்க சிட்டி வங்கி வாடிக்கையாளர்களிடம் நயமாகப் பேசி இரகசிய எண்களை அறிந்து, ஏறத்தாழ 3,50,000 டாலரைப் போலிக் கணக்குகளுக்கு மாற்றினர். பூட்டை உடைக்கவில்லை, கேட்டு வாங்கினார்கள். 2006இல் நாஸ்காம் அமைப்பு தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கியது. ஊழியரின் ஒளிப்படம், கைரேகை, கல்வி, பணி விவரங்கள் அதில் பதிவாகின்றன. ஒருவர் தாம் சொல்லும் ஆள்தானா என்பதை அது காட்டும். அதற்கு மேல் காட்டாது.

மறுபக்கமும் உண்டு. படிவத்தில் மறைத்த சிறு வழக்கு ஒன்றே ஒருவரின் வாழ்வைக் கெடுத்துவிடக்கூடும். வெள்ளானூர், ஆவடிப் பகுதியின் பொறியியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு, 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. தகவலை மறைத்தவரை நீக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என ஏற்ற நீதிமன்றம், பதவியின் தன்மையையும் குற்றத்தின் அளவையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. இளவயதில் முழக்கமிட்டதற்காகப் பதிவான வழக்கு போன்ற அற்ப விஷயங்களை மறைத்ததை நிறுவனம் மன்னிக்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.