அணைந்த விளக்கு

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள். பகல் சாப்பாடு முடிந்து சற்றே கண்ணயர்ந்திருந்தேன். "தாத்தா! ஜூகே லியாங்கைக் காப்பாற்றிவிட்டேன்!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தான் பதினான்கு வயதுப் பேரன்.

என் தூக்கம் போன இடம் தெரியவில்லை. சீன தேசத்து ஷு ராஜ்யத்தின் முதன்மந்திரியான ஜூகே லியாங், போர்ப் பாசறையில் நோயுற்று மாண்டது கி.பி. 234-ல். அப்படிப்பட்டவரை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு சிறுவன் பிழைக்க வைத்துவிட்டான் என்றால், சரித்திர நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

சமாசாரம் இதுதான். ஹான் சாம்ராஜ்யம் சிதைந்தபோது சீனம் வெய், ஷு, வூ என்று மூன்றாகப் பிளந்தது. ஷு 263-ல் வீழ்ந்தது. 280-ல் நாடு மறுபடி ஒன்றாயிற்று. ஷுவில் உத்தியோகம் பார்த்திருந்த சென் ஷோ என்பவர் அந்த மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த வரலாற்றை எழுதி வைத்தார். பின்னர் கதை சொல்லிகளின் வாயில் அது நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த லோ குவான்சோங் எழுதியதாகச் சொல்லப்படும் 'மூன்று ராஜ்யங்கள்' நாவல் இப்படித்தான் பிறந்தது. அதில் ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை என்று பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் ஜாங் சுவேசெங் கணக்குப் போட்டார். பாராட்டாக அல்ல, படிக்கிறவர்கள் குழம்பிப் போகிறார்களே என்ற மனக்குறையால்!

நாவல் ஜப்பானுக்கும் போயிற்று. யோஷிகாவா எய்ஜி அதைத் தம் போக்கில் திருப்பி எழுதி, 1939 முதல் 1943 வரை பத்திரிகைத் தொடராக வெளியிட்டார். 1971-ல் யோகோயாமா மிட்சுதெரு அதைச் சித்திரக் கதையாக்கத் தொடங்கினார். அதன் பிறகு வந்தவர் எரிகாவா யோய்ச்சி. குடும்பத் தொழில் சாய வியாபாரம். 1978-ல் கோயி என்ற கம்பெனியை அவர் ஆரம்பித்ததும் அதற்காகவே. மனைவி பிறந்த நாள் பரிசாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுக்க, சாயம் பின்னுக்குப் போய் விளையாட்டு முன்னுக்கு வந்தது. 1985-ல் அந்தக் கம்பெனி 'மூன்று ராஜ்யங்க'ளை வீடியோ விளையாட்டாக வெளியிட்டது. பாகம் பாகமாக அது இன்னமும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அதைத்தான் பேரன் ஆடிக்கொண்டிருந்தான். அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வீரனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தது! ஜூகே லியாங்கின் அறிவுக்கு நூறு. லூ புவின் வீரத்துக்கு நூறு. எனக்குச் சுருக்கென்றது. ஒரு பாத்திரத்தின் குணத்தை வாசகர் மனத்தில் பதிய வைக்க நாங்கள் முந்நூறு பக்கம் மாய்கிறோம். இங்கே ஒரே எண்ணில் காரியம் முடிந்துவிட்டதே!

"அவரை எப்படிடா காப்பாற்றினாய்?" என்று கேட்டேன்.

"ஆயுள் சரித்திரப்படி இருக்கணுமா, வேண்டாமான்னு ஆரம்பத்திலேயே கேட்கும், தாத்தா. நான் வேண்டாம்னு அழுத்திட்டேன்."

ஆனால், அன்று மாலைக்குள் அவன் தோற்றான். மறுநாளும் தோற்றான். மூன்றாம் நாள் முகம் வாடி வந்து நின்றான். "அவர் உயிரோடதான் இருக்கார். அப்புறமும் ஏன் தாத்தா ஷு தோற்குது? வெய் பக்கம் ஆள் குறையவே மாட்டேங்குது; நம்ம பக்கம் தானியமே போதலை."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நாவலை இரண்டு முறை படித்தவன் நான். ஜூகே லியாங் மாண்டதற்காக வருந்தினேனே தவிர, அவர் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஷு வீழ்ந்த சமயத்தில் அதன் பதிவேட்டில் இருந்த ஜனங்கள் 9,40,000 பேர். வெய்யின் கணக்கிலோ 44 லட்சத்துக்கும் மேல். மலைப்பாதை வழியே தானியம் சுமந்துபோய் அத்தனை பெரிய ராஜ்யத்தோடு அவர் மல்லுக்கு நின்றார். நாவல் எனக்குச் சோகத்தைச் சொல்லிற்று. விளையாட்டு அவனுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டது.

அதற்குக் கைம்மாறாக அன்றிரவு நாவலின் 103-ஆம் அத்தியாயத்தை அவனுக்குச் சொன்னேன். நோயுற்ற ஜூகே லியாங் தம் ஆயுளை நீட்டிக்க வேண்டி விளக்கேற்றிப் பிரார்த்திக்கிறார். தலைமை விளக்கு ஏழு நாள் அணையாதிருந்தால் இன்னும் பன்னிரண்டு ஆண்டு பிழைப்பார். ஆறாம் இரவு, எதிரி வந்துவிட்டான் என்று சொல்ல வெய் யான் என்ற தளபதி பாசறைக்குள் பாய்ந்து வருகிறான். அவன் வந்த வேகத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. சென் ஷோவின் வரலாற்றில் இந்த விளக்கு கிடையாது.

பேரன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கதை எழுதினவர் நினைச்சிருந்தா விளக்கை அணைக்காம விட்டிருக்கலாமே?" என்றான்.

"நினைத்துத்தான் இருப்பார். ஆறு நாள் எரிய விட்டாரே, பார்த்தாயா? கற்பனைக்கு அவர் எடுத்துக்கொண்ட உரிமை அவ்வளவுதான். ஏழாவது நாள் சரித்திரத்துக்குச் சொந்தம்."

மறுநாள் காலை அவன் மறுபடி ஆட உட்கார்ந்தான். ஆயுள் சரித்திரப்படி இருக்கவேண்டுமா என்று திரை கேட்டது. வேண்டும் என்று அழுத்தினான். ஏன் என்று நான் கேட்கவில்லை.