மயிலையிலிருந்து மலைக்கு: ஒரு நாள் நடையின் வரலாறு

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய ஆண்டு, மணி வாங்கிய ஆண்டு, பணியாற்றிய குருக்களின் பெயர்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்துவது வழக்கம். இம்மலரிலும் அவை உரிய இடத்தில் உள்ளன. ஆயினும் சென்னை மாநகரின் கத்தோலிக்க மக்களாகிய நமக்குக் கட்டடங்களேயன்றி ஒரு பாதையும் சொத்தாக வாய்த்திருக்கிறது. அது சாந்தோமில் தொடங்கி, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து, சின்னமலையில் இளைப்பாறி, பரங்கிமலை உச்சியில் நிறைவுறும் பாதை. தூரம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். செபித்துக்கொண்டு போய்வந்தால் ஒரு முழு நாள் ஆகும்.

திருத்தூதர் தோமையார் கி.பி. 52-இல் சேர நாட்டுக் கரையில் இறங்கினார் என்பதும், 72-இல் பரங்கிமலையில் மறைசாட்சியாக உயிர் நீத்தார் என்பதும், அவருடைய உடல் மயிலையில் அடக்கம் செய்யப்பட்டது என்பதும் நம் முன்னோர் வழிவழியாகக் காத்துவந்த மரபு. பகைவருக்கு மறைந்து அவர் செபித்த இடமாகச் சின்னமலைக் குகையைக் காட்டுகின்றனர். அப்படியானால் மயிலையிலிருந்து மலைக்கு நடப்பவர், கல்லறையிலிருந்து புறப்பட்டு, திருத்தூதரின் உடல் வந்த வழியிலேயே அவர் சாட்சி பகர்ந்த இடத்துக்குத் திரும்பிச் செல்கிறார் எனலாம். இந்நடையின் பொருள் இதுவே.

மரபுக்குத் துணை நிற்கும் சான்றுகளும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் புனிதரின் கல்லறையை நாடி வந்ததையும், அங்குள்ள மண்ணை நோயாளிகளுக்கு மருந்தாக எடுத்துச் சென்றதையும் குறிப்பிடுகிறார். 1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலைக்கு வந்து சில மாதங்கள் தங்கிக் கல்லறையருகே செபித்தார். 1547-இல் மலையுச்சியில் நிலத்தைத் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் இரத்தம் கசிந்ததாகச் சொல்லப்படும் சிலுவை அதுவே. அதைச் சுற்றியுள்ள எழுத்துக்கள் பழம்பாரசீகத்தின் பகலவி எழுத்துக்கள். போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அம்மலையில் கிறிஸ்தவர்கள் செபித்தனர் என்பதற்கு இக்கல்லே சாட்சி. சின்னமலையில் 1551-இல் போர்த்துக்கீசியர் ஆலயம் எழுப்பினர்.

திருத்தலங்கள் இருந்தன, ஆனால் இடையில் ஆறும் இருந்தது. அடையாறு பெருகினால் என்னவாகும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டைக் கரையோர வீடுகள் மூழ்கியதைக் கண்ணால் கண்ட தலைமுறை நாம். பாலமில்லாத நாளில் நடந்து வந்த திருப்பயணியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்நிலையை எண்ணிப் பார்த்த ஒருவர் இருந்தார். அவர் மறைமாவட்டத் தலைவரும் அல்லர், ஆட்சியாளரும் அல்லர். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர். பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவர். 1726-இல் தம் சொந்தப் பணத்தில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் திரிந்து, அது 'மர்மலாங் பாலம்' ஆயிற்று. பாலம் கட்டிய செய்தி பாரசீகம், அர்மேனியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் கல்லில் வெட்டப்பட்டது. பரங்கிமலை ஏறுவதற்குக் கற்படிகள் அமைத்தவரும் அவரே. ஆற்றில் தயங்கி நின்ற கால்களையும், மலையடியில் களைத்து நின்ற கால்களையும் அவர் ஒருசேர நினைத்தார். பாலத்தின் மேல் திருப்பயணிகள் மட்டுமா நடந்தனர்? சுமை தூக்கியவர், மாடு ஓட்டியவர், சந்தைக்குச் சென்றவர் என எல்லாச் சமயத்தாரும் நடந்தனர். உண்மையான பக்தி பிறருக்கும் வழி திறந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? உஸ்கான் 1751-இல் காலமானார். பழைய பாலம் நின்ற இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது.

பரங்கிமலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இந்திய நாட்டையே அளந்த பெரும் நிலஅளவைப் பணிக்காக 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது இம்மலையடியில்தான். பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரம் எஃகுச் சங்கிலி பிடித்து அடி அடியாக அளந்தனர். நம் குழந்தைகள் பள்ளியில் காணும் இந்திய வரைபடத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இன்று சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் மெட்ரோ இரயில் நிலையங்கள் உள்ளன. மலையுச்சி வரை வாகனம் ஏறும் சாலையும் உண்டு. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் இவை பெரும் உதவி, குறை கூறுவதற்கில்லை. ஆனால் நடக்க வல்லவரும் நடப்பதை விட்டுவிட்டால், மூன்று திருத்தலங்களும் தனித்தனிக் கோயில்களாக நின்றுவிடும். அவற்றை இணைக்கும் வரலாறு நம் பிள்ளைகளுக்குக் கிட்டாது. பாலத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடும் பிள்ளைக்குக் கீழே ஆறு ஓடுவதுகூடத் தெரிவதில்லை. தெரியாத ஆற்றுக்கு யார் பாலம் கட்டினார் என்று அது எப்படிக் கேட்கும்?

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த ஜூபிலி ஆண்டின் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, இருள் பிரியுமுன் சாந்தோமில் கூடுவோம். வெயில் ஏறுமுன் ஆற்றைக் கடந்துவிடலாம். தண்ணீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். சாலையோரமாக, சிறுவரை நடுவில் விட்டு நடப்போம். நெடுந்தூரம் நடக்க இயலாதோர் சின்னமலையில் வந்து சேரலாம். அவர்களுடைய செபம் குறைந்ததன்று. மலைப்படிகளில் சிலுவைப்பாதை செய்வோம்.

வழியில் ஒன்று மட்டும் மறவாதிருப்போம். பாலத்தின் மேல் சற்றே நின்று, நம் மொழியும் நம் இனமும் அல்லாத அந்த வணிகரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு 'பரலோக மந்திரம்' சொல்வோம். மூன்று நூற்றாண்டுகளாக நாம் பட்டிருக்கும் கடன் அது.