வைக்கோற்போரிலிருந்து வட்டுக்கோட்டைக்கு

மறைப்பணியாளரின் தமிழ்த்தொண்டு என்றவுடன் வீரமாமுனிவர், சீகன்பால்கு, போப்பு, கால்டுவெல் என்னும் வரிசை நம் நாவில் வந்து நிற்கும். அவர்கள் தனித்தனியே எழுந்து நின்ற பேராளுமைகள். கல்லூரி மாணவர் சிலர் ஒன்றுகூடி எடுத்த ஒரு முடிவு கடல் கடந்து தமிழ் மண்ணில் பள்ளியாக முளைத்த கதை வேறு வகையினது. பிரெஞ்சுக் குருமாரின் பள்ளிகளைக் கண்டு வளர்ந்த புதுவை மக்களாகிய நாம் அந்த அமெரிக்கக் கதையை அவ்வளவாகக் கவனித்ததில்லை. தேங்காய்த்திட்டில் பத்தாண்டாகக் கூடித் தமிழ் வளர்க்கும் நம் வட்டத்து அன்பர்கள் அதனை அறிதல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1806ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து வில்லியம்சு கல்லூரி மாணவர் ஐவர் வயல்வெளியில் இறைவேண்டலுக்குக் கூடினர். இடியும் மழையும் சூழவே, அருகிலிருந்த வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கினர். ஆசிய மக்களிடையே சென்று சமயப்பணி ஆற்றவேண்டும் என்ற எண்ணத்தை அங்கே சாமுவேல் மில்சு என்பவர் முன்வைத்தார். அந்த ஐவருள் ஒருவர் சேம்சு ரிச்சர்ட்சு. அப்போது அவருக்கு 22 வயது. ஆண்டோவர் இறையியற் பள்ளியின் மாணவர்கள் பின்னர் விடுத்த வேண்டுகோளின் விளைவாக 1810இல் அமெரிக்க மிசன் சங்கம் உருவாயிற்று. 1812இல் கப்பலேறிய முதற்குழுவினரைக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் தங்க விடவில்லை. அவர்களுள் சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கையை அடைந்து, யாழ்ப்பாணமே பணிக்குத் தக்க இடமென்று தம் நாட்டுக்கு எழுதினார். தமிழருக்கு வாய்த்த இப்பள்ளிகள், ஆங்கிலேயர் ஓரிடத்தில் கதவடைத்ததால் வாய்த்தவை!

1815 அக்டோபரில் புறப்பட்ட அடுத்த குழு 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. தானியல் பூவரும் எட்வர்டு வாரனும் தெல்லிப்பழையிலும், ரிச்சர்ட்சும் பெஞ்சமின் மெய்க்சும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். அவர்களுக்குக் கிடைத்தவை பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடங்கள். காசநோய் கண்ட வாரன் 1818இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். அவருடன் உடல்நலம் தேடிச் சென்ற ரிச்சர்ட்சு, யாழ்ப்பாணத்திலேயே சாவது என்று திரும்பி வந்து, 1822இல் தம் 38ஆம் வயதில் மறைந்தார். வைக்கோற்போர் ஐவருள் தமிழ் மண்ணை மிதித்தவர் இவர் ஒருவரே.

1820இல் வேறோர் இடையூறு வந்தது. புதிதாக வந்த அச்சுத் தொழிலாளி ஒருவரை ஆங்கில அரசு வெளியேற்றியது. இனி அமெரிக்கர் எவரும் வரலாகாது எனத் தடையும் விதித்தது. அத்தடை 1833 வரை நீடித்தது. ஆள் வரவு நின்றுபோகவே, இருப்பவர்கள் உள்ளூர் இளைஞரைப் பயிற்றி உயர்த்துவதைத் தவிர வேறு வழி காணவில்லை. 1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரியின் பின்னணியில் இத்தடையையும் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் துணிபு.

செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பெற்றன. தமிழ் இலக்கண இலக்கியங்களும் வடமொழியும் உடன் நின்றன. 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் பற்றிய வழக்கு பலரும் அறிந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பில் பிழையுண்டு என்று பூவர் முன்கூட்டியே அறிவித்தார். குறித்த இரவில் ஊரார் வானத்தை நோக்கியிருக்க, பூவரின் கணக்கே சரியாயிற்று. இதனைப் பஞ்சாங்கத்தின் தோல்வி என்று மட்டும் கொண்டாடுவது பொருந்தாது. நீண்ட காலக் கணித மரபொன்று அங்கே வழங்கியதனாலன்றோ அத்தகைய வழக்கு எழ முடிந்தது?

இம்மாணவர் இயக்கத்தைக் குறையின்றிப் போற்ற என்னால் இயலவில்லை. அமெரிக்காவில் பொருளுதவி செய்வோர் விரும்பிய பெயர்கள் யாழ்ப்பாணச் சிறுவர்க்கு இடப்பட்டன. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்கள் என்றி மார்ட்டின், சேத் பேசன் என்போர். பெயரை மட்டும் கேட்பவர் இவர்களை அமெரிக்கர் என்றே எண்ணுவர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். மாணவர் பெரும்பாலும் வேளாளராகவே இருந்தமையும் மறைக்கத்தக்கதன்று. சைவத்தை மறுப்பதற்கென்றே சைவ நூல்கள் படிக்கப்பட்டன. ஆயினும் படிப்பு தன் வேலையைச் செய்தே தீரும். செமினரியின் தலைவராயிருந்த என்றி ஒய்சிங்டன் தாயகம் மீண்டபின் 1854இல் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

பெண்கல்வியின் பக்கம் திரும்பினால், 1824இல் உடுவிலில் அரியட்டு வின்சுலோ தொடங்கிய விடுதிப்பள்ளி நிற்கிறது. பெண்ணைப் படிக்க அனுப்ப அஞ்சிய காலம் அது. படிப்பு முடித்து மணம் புரியும் மாணவிக்கு மிசனே சிறு சீதனம் கொடுத்தது. இன்றைய நம் செவிக்கு இது நெருடலாக ஒலிக்கும்; அன்று பெற்றோரை இசையவைத்த வழிகளுள் இதுவும் ஒன்று. அரியட்டு 1833இல் உடுவிலிலேயே இறந்தார். 1840இல் வந்த எலிசா அக்னியூ 1879 வரை அப்பள்ளியை நடத்தினார். தாயகத்திற்கு ஒருமுறையேனும் திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார். தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேர்த்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். மகளிர் கல்லூரியில் நின்று தமிழ் கற்பிக்கும் எவருக்கும் அந்த நாற்பதாண்டுகள் வெறும் எண்ணாகத் தோன்றா.

நம் ஊரிலும் அதே காலத்தில் இணையான முயற்சி நடந்தது. பாரிசு அயல்நாட்டு மறைப்பணிச் சபையின் குருவான லூயி துப்புயி 1844இல் புதுவையில் கன்னியர் சபை ஒன்றை நிறுவித் தமிழ்ச் சிறுமியர்க்குக் கல்விக்கதவைத் திறந்தார். முசே அடிகளுடன் அவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியின் இரு பகுதிகளும் 1855க்கும் 1862க்கும் இடையே இங்கேயே அச்சாயின. முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. 'இரு மறைப்பணியாளர்' என்று மட்டுமே உள்ளது. அதே 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களுடன் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது. இருமொழி அகராதி புரட்டும் கவிஞர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர் மதத்தை நாடாமல் அரசுப் பணியை நாடினர். தாய்மொழிக் கல்வியே மிசனுக்குத் தக்கது என்பது பாசுடனிலிருந்து வந்த முடிவு. தமிழ் ஆசிரியையாகிய நான் அம்முடிவை வரவேற்க வேண்டியவள். ஆனால் அது தமிழின்பாற் கொண்ட அன்பினால் எடுத்த முடிவு அன்று. மதமாற்றக் கணக்கினால் எடுத்தது. தமிழை நம்பியவர் வேறொருவர். 1847இல் வந்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அறிவியலைத் தமிழால் சொல்ல முடியுமா என்று இன்றும் ஐயுறுவோர்க்கு அந்நூல்களை எடுத்துக் காட்டவேண்டும்.

மூடப்பட்ட பள்ளியின் அறுவடை பிறகே தெரிந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டை மாணவர். தாமோதரம்பிள்ளை சைவராக நின்று தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறிய கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். அதே பள்ளியில் பயின்ற ஆர்னோல்டு சதாசிவம்பிள்ளை கிறித்தவராக வாழ்ந்து, புலவர் வரலாறுகளைத் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' என 1886இல் தந்தார். ரிச்சர்ட்சு மழையில் ஒதுங்கி நின்று வேண்டியது இவற்றுள் எதையும் அன்று. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததும் பழைய மாணவர்களின் விடாமுயற்சியால்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கதை திசை மாறியது. யாழ்ப்பாணத் தமிழ் மாணவர்களே தம் பணத்தைச் சேர்த்துத் தமிழகத்திற்குப் பணியாளரை அனுப்பலாயினர். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதனைக் கண்டு வியந்தார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிசனரிச் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாண மாணவர் தம் சங்கத்தின் பெயரில் 'அயல்நாட்டு' என்னும் சொல்லையும் சேர்த்திருந்தனர். அவர்கள் பணியாற்றிய அந்த அயல்நாடு, பாக்குநீரிணைக்கு இக்கரையில் இராமநாதபுரக் கடலோரத்துத் தொண்டி. சங்கப் பாடல்கள் புகழும் சேரர் தொண்டி அன்று.