தடுப்பு நரம்பணுக்களின் தோற்றம் (மனிதக் கருமூளை)

பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தடுப்பு நரம்பணுக்கள். காபா என்னும் அமிலத்தைச் சுரந்து அண்டை நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்குவது இவற்றின் பணி. இவை குன்றினால் வலிப்பு தோன்றும். இத்தகைய பெருங்கடமை கொண்ட அணுக்கள் புறணியில் பிறப்பதில்லை. முன்மூளையின் அடிப்பகுதியில் பிறந்து நெடுந்தொலைவு நகர்ந்து வந்து சேர்கின்றன.

ஆய்வு வரலாறு

மூளையில் காபா உள்ளதென 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் முதலியோர் அறிவித்தனர். அது கிளர்ச்சியை அடக்கும் பொருள் என்பதை அறிவதற்கான வழியைத் திறந்த பெருமை கனடாவுக்கு உரியது. கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரியின் நரம்பணுத் துடிப்பை மூளைச்சாறு நிறுத்துவதை எர்ன்ஸ்ட் ஃப்ளோரி கண்டிருந்தார். மான்ட்ரியல் நகரில் பேஸ்மோர், எலியட் ஆகியோருடன் மாட்டு மூளையிலிருந்து அச்சாற்றின் செயற்பொருளைப் பிரித்து, அது காபாவே என்று 1957இல் நிறுவினார்.

பிறப்பிடம் பற்றிய தெளிவு நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. முன்மூளை அடியில் இயங்கும் டி.எல்.எக்ஸ்.1, டி.எல்.எக்ஸ்.2 மரபணுக்கள் இல்லாத சுண்டெலிகளின் புறணியில் இவ்வணுக்கள் பெரிதும் குறைந்திருப்பதை 1997இல் ரூபன்ஸ்டைன் குழுவினர் காட்டினர். மனிதரில் பெரும்பான்மை புறணியின் அடியிலேயே பிறப்பதாக 2002இல் ராகிச் குழு கூறியது. 2013இல் வெளியான இரு ஆய்வுகள் அதை மறுத்து, மனிதரிலும் பிறப்பிடம் முன்மூளை அடியிலுள்ள கேங்லியானிக் எமினென்ஸ் என்ற தற்காலிக மேடே என உறுதிசெய்தன.

மரபணு வெளிப்பாடு

ஓர் அணு எங்கே பிறந்தது என்பதை அதில் இயங்கும் மரபணுக்கள் காட்டித்தரும். மேட்டின் உட்பகுதியில் என்.கே.எக்ஸ்.2-1 வெளிப்படுகிறது, அங்கிருந்து புறப்படும் அணுக்களில் எல்.எச்.எக்ஸ்.6 தொடர்கிறது. பார்வால்புமின், சொமாட்டோஸ்டாட்டின் வகைத் தடுப்பு நரம்பணுக்கள் இவ்வழி வந்தவை. பின்பகுதியில் பிறப்பவற்றில் என்.ஆர்.2எஃப்.2 மிகுந்திருக்கும். டி.எல்.எக்ஸ் மரபணுக்களின் கட்டளையில் இயங்கும் ஏ.ஆர்.எக்ஸ் பழுதுற்றால் கைக்குழந்தைகளுக்குக் கடும் வலிப்பு வரும். தடுப்பு நரம்பணுக்களின் நகர்வு குழந்தை பிறந்த பின்னும் சில மாதங்கள் நீடிக்கிறது.

இன்றைய நிலை

கருமூளையின் மரபணு வெளிப்பாட்டு வரைபடத்தை அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. 14 முதல் 24 வாரக் கருமூளைகளின் 5,132 சீவல்களைக் கொண்ட ‘தரணி’ வரைபடத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் அறிவித்தது; அதை எவரும் இணையத்தில் இலவசமாகக் காணலாம்.