மெருகேற்றிய அரக்கு

துரியோதனனின் ஏவலால் வாரணாவதத்தில் மாளிகை எழுப்பிய புரோசனன், அரக்கு எளிதில் தீப்பற்றும் என்ற குணத்தை மட்டுமே நாடினான். அதே பதார்த்தம் மரத்துக்குக் கவசமாகும் என்பதைக் கண்டவர்கள் கடைசல்காரர்களே. சன்னபட்டணத்தில் இன்றும், சுழலும் வெட்பாலைக் கட்டையின்மீது அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்து, உரசலின் உஷ்ணத்தில் அது உருகிப் படிந்ததும், தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடுதான் அரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அதைக் கழுவி எடுத்த சிவப்புச் சாயத்துக்கு மேனாட்டில் நல்ல கிராக்கி இருந்தது. ஆனால் 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் ரசாயனச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் வழியே வேறு பல சாயங்களும் மலிவாக வந்து குவியவே, அரக்குச் சாயத்தின் வியாபாரம் படுத்தது. சாயநீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, எஞ்சிய பிசினையே பிரதானச் சரக்காக விற்கலானார்கள்.

அந்தப் பிசினைத் தகடாக்கிய விதம், மிர்ஜாப்பூர்ப் பட்டறைகளில், காண்போர் பதறும்படி இருந்தது. அரக்கு மணிகளை நீண்ட துணிப்பையில் திணித்து, கரியடுப்பின் முன் ஒருவர் காட்ட, மற்றவர் மறுமுனையை முறுக்குவார்; கசிந்த பாகு வெந்நீர் நிரம்பிய வழவழப்பான ஜாடியின்மேல் பரப்பப்படும்; பிறகு அதை உரித்தெடுத்து, தணலுக்கு எதிரே நின்று, கையாலும் கால்விரல்களாலும் பல்லாலும் கவ்வி இழுத்து, கண்ணாடிபோல மெல்லியதாக்குவார்கள். மேஜையின் பளபளப்பில் முகம் பார்த்த கனவான்களில் எத்தனை பேர் இந்தப் பற்களை நினைத்திருப்பார்கள்!

அத்தகட்டை நொறுக்கிச் சாராயத்தில் கரைத்துப் பூசும் முறை, பிரான்சிலிருந்து 1820-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பரவி, பின்னர் நம் ஊர்த் தச்சர்களின் கைக்கும் வந்தது. உப்புத்தாளால் மரத்தின் ரேகைவாக்கில் தேய்த்தபின், துணி சுற்றிய பஞ்சுப் பொட்டலத்தில் பாலிஷைத் தோய்த்து, ஒட்டாமலிருக்க ஒரு துளி எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாக ஓட்டவேண்டும். கை ஒரு கணம் நின்றாலும் கீழ்ப்பூச்சு இளகிப் பெயர்ந்துவிடும். இந்தப் பொறுமைக்கு 1920-க்குப்பின் வந்த, துப்பாக்கியால் பீச்சும் செல்லுலோஸ் வார்னிஷ் முடிவு கட்டியது.

சூடான காப்பி டபராவை வைத்தால் அரக்குப் பூச்சில் வெள்ளை வளையம் விழும் என்பது மெய்யே. ஆயினும் புதுப்பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாவதால், முழுவதும் சுரண்டாமலே அதைச் சீர்செய்யலாம். ஆகவே, பாட்டனார் காலத்துப் பீரோவைச் சுரண்டத் தொடங்குமுன், மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் அரக்குதான், உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள்.