உருகிய பனிக்கட்டியின் கணக்கு

"ஒன்றரை டன் போதுமா, இரண்டு டன் போட்டுவிடலாமா?" ஏசி வாங்கப் போகும் எவரும் கேட்கும் கேள்வி இது. பெட்டியின் எடைக்கும் அந்த டன்னுக்கும் தொடர்பில்லை. அது உருகிப்போன பனிக்கட்டியின் டன்.

சென்னைக் கடற்கரையில் அதற்கு ஒரு சாட்சி இன்னும் நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், 1842-இல் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் பனிக்கட்டிக் கிடங்காக எழுந்தது. குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். 1833-இல் டியூடர் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு அனுப்பிய சுமார் 180 டன்னில், நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் கரை சேர்ந்தது. குளிர்ச்சி என்பது எடை போட்டு விற்ற சரக்காக இருந்த காலம் அது. சென்னைக் கிடங்கு இருந்த பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் போகவில்லை.

குளிரூட்டும் இயந்திரம் வந்தபோது அதன் திறனையும் பனிக்கட்டியாலேயே அளந்தார்கள். ஓர் அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு (907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுவே ஒரு டன். வெப்ப அலகில் சொன்னால் மணிக்கு 12,000 பிடியு (BTU). இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட்.

1902-இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த சாதனத்தையும் அப்படித்தான் சொன்னார்கள்: நாளுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டிக்கு ஈடு. அதாவது 54 டன். ஆனால் அச்சகத்தின் தொல்லை வெக்கை அல்ல, ஈரம். புழுக்கத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும். ஒரு நிறம் அச்சான இடத்தில் அடுத்த நிறம் பொருந்தாமல் விலகி நிற்கும். 25 வயதுப் பொறியாளரான கேரியர், குளிர்ந்த குழாய்ச் சுருள்மீது காற்றைச் செலுத்தி, அதிலிருந்த ஈரத்தை நீராக வடித்தார்.

வீட்டுக்கு ஏசி வந்தது 1914-இல், அமெரிக்காவின் மினியாபொலிஸில் செல்வந்தர் சார்லஸ் கேட்ஸின் மாளிகையில். இயந்திரத்தின் நீளம் மட்டும் 20 அடி! கேட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் சாதாரண வீடுகளிலும் மத்திய ஏசி பரவியது. இத்தனை சதுர அடிக்கு ஒரு டன் என்ற குத்துமதிப்பும் கூடவே வந்தது. பழைய இயந்திரம் பழுதானால் அதே டன்னில் இன்னொன்று, "எதற்கும் இருக்கட்டும்" என்று அரை டன் கூடுதலாக. இந்தப் பழக்கம்தான் கேரியர் தீர்த்த பிரச்சினையைத் திரும்ப வீட்டுக்குள் அழைத்து வருகிறது. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். ஈரம் வடிய நேரமிருக்காது. உடல் சில்லிடும், பிசுபிசுப்பு போகாது.

அமெரிக்க ஏசி ஒப்பந்ததாரர் சங்கத்தின் 'மேனுவல் ஜே' முறை இந்தக் குத்துமதிப்பை ஒதுக்கிவிட்டு, அறை அறையாக வெப்பத்தைக் கணக்கிடச் சொல்கிறது. ஜன்னல் எந்தத் திசையில், கூரைக்கு வெப்பத்தடுப்பு உண்டா, காற்று எங்கே கசிகிறது, எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று எல்லாம் அதில் வரும். பழைய இயந்திரம் பொருத்திய பிறகு கூரைக்குத் தடுப்பும் இரட்டைக் கண்ணாடியும் போட்ட வீட்டுக்கு முன்பிருந்த டன்னே அதிகமாகிவிடும். அளவாகத் தேர்ந்த இயந்திரம் உச்சி வெயிலில் பெரும்பாலும் நிற்காமல் ஓடும். வெளியே வடிகுழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.